எஞ்சின் கட்டும் போட்டியும் சிசி விதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பிரித்து, தம் கையால் மீளக் கட்டி, யாருடையது நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்கும் போட்டியை யாழ்ப்பாணத்தில் நடத்த வேண்டும் என்று கராஜ் இளைஞர்களும் தொழில்நுட்ப மாணவர்களும் பேசிக்கொள்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் விதி எழுத உட்காருபவர்கள் பரிசுக் கோப்பையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கொள்ளளவைப் பற்றி "100 சிசிக்கு உட்பட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த எஞ்சின் வரும், எவ்வளவு பணம் கரையும், கடைசியில் எதைப் பற்றிச் சண்டை வரும் என்பதையெல்லாம் அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது. கோண்டாவிலில் கராஜ் வைத்திருப்பவன் என்பதால் என்னிடம் இதுபற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கொள்ளளவு என்று எதை அளக்கிறோம்?

பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்குப் போகையில் கடக்கும் கனவளவை. சிலிண்டர் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, பிறகு 0.7854, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), சிலிண்டர் எண்ணிக்கை ஆகியவற்றால் பெருக்க வேண்டும். மில்லிமீற்றரில் அளந்திருந்தால் விடையை ஆயிரத்தால் வகுக்க சிசி, அதாவது கன சென்ரிமீற்றர், வரும். பஜாஜ் சி.டி. 100 மோட்டார் சைக்கிளுக்கு விட்டம் 53, ஸ்ட்ரோக் 45; ஆகவே 99.28 சிசி. பழைய டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிக்கு இரண்டும் 57, ஆகவே 145.45 சிசி. சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்குள் இருக்கும் எரியறை இந்தக் கணக்கில் சேராது. விட்டம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

ஏன் சிசியை வைத்து வகுப்புப் பிரிக்க வேண்டும்? செலவையோ குதிரைவலுவையோ வைத்துப் பிரித்தால் என்ன?

செலவுக்கு வரம்பு போட்டால் எல்லோரும் பற்றுச்சீட்டு கொண்டுவருவார்கள். மாமாவின் கடைச்சல் பட்டறையில் இலவசமாகச் செய்த வேலைக்குப் பற்றுச்சீட்டு ஏது? குதிரைவலுவுக்கு வரம்பு போட்டால் சோதனை நாளில் எஞ்சினைத் தூங்கவைத்து, போட்டி நாளில் எழுப்புவார்கள். ஹெட்டைக் கழற்றி அளந்தால் சிசி மட்டும் நேற்றும் இன்றும் ஒரே விடையைச் சொல்லும். பொக்ஸ்ஹில், கஜபா சுப்பர்குரொஸ் முதலிய நம் நாட்டு மோட்டார் பந்தயங்களிலும் வகுப்புகள் சிசியை வைத்தே பிரிகின்றன.

ஆனால் கோடு எங்கே போடப்படுகிறதோ, எஞ்சின் அங்கே வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். ஜப்பானியச் சிறு கார்களுக்கான வரம்பு 1955 இல் 360 சிசி; 1976 இல் 550; 1990 இல் 660. ஒவ்வொரு முறையும் கார்க் கொம்பனிகள் எஞ்சினைப் புதிய கோட்டுக்குச் சில சிசி கீழே கொண்டுபோய் நிறுத்தின. நம் வீதிகளில் ஓடும் வாகன் ஆர் 658 சிசியாக இருப்பது அதனால்தான். ஏன் இந்த அளவு என்று பொறியியலைக் கேட்டால் பதில் வராது, ஜப்பானியச் சட்டத்தைக் கேட்டால் வரும்.

எல்லோருக்கும் ஒரே சிசி என்றால் போட்டி சமமாகிவிடும்தானே?

ஆகாது. ஒரு சுற்றில் எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கலாம் என்பதற்குத்தான் சிசி எல்லை வைக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதற்கு அது எல்லை வைப்பதில்லை. ஆகவே வலு வேண்டுபவர்கள் சுழற்சியைத் தேடிப் போவார்கள்.

இதன் எல்லையை 1960களின் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பார்க்கலாம். 125 சிசி வகுப்புக்காக ஹொண்டா 1966 இல் ஐந்து சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கட்டியது. ஒவ்வொரு சிலிண்டரும் 25 சிசிக்குள். ஸ்ட்ரோக் 25 மி.மீ. அளவு. அது நிமிடத்துக்கு 20,500 சுற்றில் 34 குதிரைவலு கொடுத்தது. ஸ்ட்ரோக் குறுகினால் பிஸ்டன் ஓட வேண்டிய தூரம் குறையும். அதனால் சுற்றைக் கூட்டலாம். 50 சிசி வகுப்பில் சுசுகி 14 கியர் போட்டது. வலு வரும் சுழற்சி எல்லை அவ்வளவு ஒடுங்கியிருந்ததால், கியரை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் எஞ்சின் உயிரோடு இருக்கும். கடைசியில் 1969 முதல் 50 சிசிக்கு ஒரே சிலிண்டர், ஆறு கியர் என்று விதியைத் திருத்தினார்கள்.

யாழ்ப்பாணத்தில் யாரும் ஐந்து சிலிண்டர் எஞ்சின் கட்டப்போவதில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து வால்வைத் திறந்து மூடும் பந்தயக் கேம் ஷாஃப்ட், கடினமான வால்வு ஸ்பிரிங், இலேசான பிஸ்டன் என்று தருவிக்கக்கூடியவர் இருக்கிறார். வெறும் சிசி வரம்பு அவருக்குச் சாதகமானது. ஸ்டான்லி வீதியில் கிடைக்கும் பொருளை வைத்துக் கவனமாகக் கட்டுபவருக்கு அது பாதகம். சிசி வரம்பைக் குறைத்தால் செலவு குறையும் என்று பலர் நம்புகிறார்கள். சிறிய எஞ்சினிலிருந்து அதே வலுவைப் பிழிவதற்குத்தான் அதிகப் பணம் வேண்டும்.

விட்டத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாதா? அளப்பது எளிது.

1908 இல் பிரான்சில் சிறு கார்ப் பந்தயத்துக்கு அப்படித்தான் விதி எழுதினார்கள்: ஒற்றைச் சிலிண்டரின் விட்டம் 100 மி.மீ. தாண்டக் கூடாது. ஸ்ட்ரோக்கைப் பற்றிப் பேச்சில்லை. சிசேர் நோடான் கொம்பனி 100 மி.மீ. விட்டத்துக்கு 250 மி.மீ. ஸ்ட்ரோக் வைத்தது. லயன் பெஜோ 1910 இல் 80க்கு 280 என்று வைத்தது. எஞ்சின் அவ்வளவு உயரமாக நின்றதால் ஓட்டுநர் அதைச் சுற்றி எட்டிப் பார்த்துத்தான் வீதியைக் காண வேண்டியிருந்தது.

பிரிட்டனில் பந்தயத்துக்கு வெளியிலும் இதே கதை. 1940களின் பிற்பகுதி வரை அங்கே காருக்கான வரி, விட்டத்தின் வர்க்கத்தை வைத்தே கணக்கிடப்பட்டது. அதனால் ஒல்லியான சிலிண்டர், நீண்ட ஸ்ட்ரோக் என்பது ஆங்கிலேயக் கார்களின் பழக்கமாகிவிட்டது. நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒஸ்டின் ஏ40இன் ஹெட்டைக் கழற்றினால் அந்தப் பழக்கம் கண்ணில் படும்: 65.5 மி.மீ. விட்டம், 89 மி.மீ. ஸ்ட்ரோக்.

சி.டி. 100 எஞ்சினைக் கடைந்தால் 100 சிசியைத் தாண்டிவிடுமா?

முதல் கடைச்சலிலேயே தாண்டிவிடும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விதி எழுதியவர்கள் போட்டி நாள் காலையில் தலையில் கைவைப்பார்கள்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன் போடுவது நம் வழக்கம். 53 மி.மீ. விட்டம் 53.25 ஆனதும் 100.2 சிசி. 0.50இல் 101.2. கடைசிக் கடைச்சலான 1.00இல் 103.1. இங்கே கிடைக்கும் பழைய எஞ்சின்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஒரு தடவையாவது கடையப்பட்டவை. "100 சிசிக்கு உட்பட்டது" என்று கறாராக எழுதினால், அந்த எஞ்சின்கள் அத்தனையும் வாசலில் நிற்கும். புதிய சிலிண்டர் வாங்கக்கூடியவர் மட்டும் உள்ளே வருவார்.

இதற்கு இரண்டு வழி உண்டு. வகுப்பின் பெயர் 100 ஆக இருக்கட்டும், வரம்பு 103.5 ஆக இருக்கட்டும் என்று எழுதலாம். அப்படி எழுதினால் நல்ல சிலிண்டர் வைத்திருப்பவரும் 1.00 வரை கடைந்துகொண்டு வருவார். தேய்வுக்கென்று கொடுத்த சலுகை எல்லோருக்கும் இலக்காகிவிடும். மற்ற வழி, சிசியை எழுதாமல் "தொழிற்சாலை ஸ்ட்ரோக், 1.00 வரை எந்தக் கடைச்சலும் சரி" என்று எழுதுவது. முதலாவதில் ஒருவர் ஸ்ட்ரோக்கைக் கூட்டி, விட்டத்தைக் குறைத்து அதே 103.5க்குள் வேறு எஞ்சினே கட்டிவிடலாம். இரண்டாவதில் அது முடியாது. நான் இரண்டாவதன் பக்கம். முதல் அளவுக்கும் கடைசிக் கடைச்சலுக்கும் இடையில் நான்கு வீதத்துக்கும் குறைவான வித்தியாசம்தான் இருக்கிறது. வால்வைச் சரியாக இருத்தத் தெரிந்தவர் அதைவிடக் கூடுதலாக எடுத்துவிடுவார்.

பரிசோதனையில் எப்படி அளப்பது?

ஹெட்டைக் கழற்றி அளப்பதுதான் உறுதியான வழி. சிலிண்டரின் மேல் விளிம்பில் பிஸ்டன் ரிங் படாத இடத்தில் கரி படிந்து ஒரு வரம்பு இருக்கும். அங்கே அளந்தால் உண்மையைவிடச் சிறிய விட்டம் வரும். அதற்குக் கீழே, ரிங் ஓடும் பகுதியில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளக்க வேண்டும். தேய்ந்த சிலிண்டர் வட்டமாக இருப்பதில்லை. ஸ்ட்ரோக்கை ஆழமானியால் அளக்கலாம்: பிஸ்டன் உச்சியில் ஒரு தடவை, அடியில் ஒரு தடவை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். 80 பாகை சூட்டில் இரும்புச் சிலிண்டரின் விட்டம் ஏறக்குறைய 0.03 மி.மீ. கூடிவிடும். வரம்பை ஒட்டி நிற்கும் எஞ்சினுக்கு அந்த நூலிழை போதும், இரண்டு குழுக்கள் வாய்த்தர்க்கத்தில் இறங்க.

ஸ்ட்ரோக்கை அளக்காமல் விடக்கூடாது. தண்ணீர் இறைக்கும் மிசின்களில் இருக்கும் ஹொண்டா ஜி.எக்ஸ். 160, ஜி.எக்ஸ். 200 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியில் ஏறத்தாழ ஒரே உருவம். இரண்டுக்கும் விட்டம் 68 மி.மீ. முதலாவதன் ஸ்ட்ரோக் 45, மற்றதன் ஸ்ட்ரோக் 54. ஒன்று 163 சிசி, மற்றது 196. விட்டத்தை மட்டும் அளந்து "சரி" போட்டுவிட்டுப் போகும் பரிசோதகர், ஐந்தில் ஒரு பங்கு பெரிய எஞ்சினை உள்ளே விட்டிருப்பார்.

ஹெட்டைக் கழற்ற நேரமில்லாவிட்டால், பிளக் துவாரத்தால் மண்ணெண்ணெய் விட்டு, பிஸ்டன் உச்சியில் எவ்வளவு கொள்கிறது, அடியில் எவ்வளவு கொள்கிறது என்று அளவியால் பார்ப்பவர்களும் உண்டு. ரிங்கால் கசிந்துகொண்டே இருக்கும். கிரீஸ் தடவினாலும் முழுதாக நிற்காது. சந்தேகம் தீர்க்க அது உதவும், தீர்ப்புச் சொல்லப் போதாது.

அளந்து முடிந்ததும் ஹெட் போல்ட்டிலும் கிராங்க் உறையிலும் துளையிட்டுக் கம்பி கட்டி ஈய முத்திரை குத்திவிடுங்கள். மின்சார மீற்றருக்குப் போடுவது போன்றதுதான்.

கொம்பிரஷனைக் கூட்டினால் சிசி கூடுமா?

கூடாது. கொம்பிரஷன் என்பது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதுதான், சிசி மாறாது. அதனால்தான் எல்லோரும் முதலில் அங்கே கைவைக்கிறார்கள். 99.3 சிசி எஞ்சினின் எரியறை 12.4 சிசி என்று கொண்டால் கொம்பிரஷன் 9க்கு 1. ஹெட்டைச் சற்றுத் தேய்த்து எரியறையை 10.9 ஆக்கினால் 10.1க்கு 1. கொள்ளளவு அப்படியே இருக்கிறது. எதுவரை போகலாம் என்பதைப் பெற்றோல் முடிவுசெய்கிறது. இங்கே 92, 95 ஒக்டேன் இரண்டும் விற்கிறார்கள். போட்டிக்கு 92 மட்டும், அதையும் ஏற்பாட்டாளரே ஊற்றுவார் என்று எழுதிவிட்டால், ஹெட்டை அளவுக்கு மீறித் தேய்த்தவரின் எஞ்சின் தட்டத் தொடங்கித் தானே காட்டிக்கொடுக்கும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினையும் டர்போவையும் எந்த வகுப்பில் சேர்ப்பது?

சேர்க்காதீர்கள். இவற்றைச் சமன்செய்ய, சிசியைப் பெருக்கும் எண் ஒன்றை, அதாவது பெருக்கெண்ணை, போடுவார்கள். அந்த எண் ஒருநாளும் சரியாக வராது. டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது, ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்றுவிட்ட சுற்றில். ஆகவே இரண்டு மடங்கு என்று வாதிடலாம். 2002 இல் மோட்டோ ஜீபி மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 500 சிசி டூ ஸ்ட்ரோக்குக்கு எதிராக 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கை அனுமதித்தார்கள். முதல் ஆண்டே ஹொண்டாவின் 990 பட்டத்தை அள்ளிக்கொண்டு போனது.

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இன்னும் மோசம். ஃபார்முலா 1இல் 1966 முதல் 3 லீற்றர் சாதாரண எஞ்சினும் 1.5 லீற்றர் சுப்பர்சார்ஜர் எஞ்சினும் சமம் என்று எழுதியிருந்தது. 1977 இல் ரெனோ டர்போவுடன் வரும் வரை அந்த வரியை யாரும் பொருட்படுத்தவில்லை. 1980களின் நடுவில் அந்த 1.5 லீற்றர் எஞ்சின்கள் தகுதிச் சுற்றில் ஆயிரம் குதிரைவலுவைத் தாண்டின. ரலி பந்தயத்தில் பெருக்கெண் 1.4 ஆக இருந்தபோது லான்சியா டெல்டா எஸ்4 காருக்கு 1759 சிசி எஞ்சின் வைத்தது. பெருக்கிப் பாருங்கள்: 2463. எடை குறைந்த வகுப்பின் வரம்பு 2500.

சிசி வரம்பே வேண்டாம், வலுவைச் சிசியால் வகுத்துப் புள்ளி கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அமெரிக்காவில் 2002 இல் தொடங்கிய எஞ்சின் மாஸ்டர்ஸ் சலேஞ்ச் போட்டி அப்படித்தான் புகழ்பெற்றது. குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள் சராசரி முறுக்குவிசையையும் சராசரிக் குதிரைவலுவையும் கூட்டி, எஞ்சினின் கொள்ளளவால் வகுத்தார்கள். அதில் கெட்டித்தனம் எங்கே என்றால், வகுப்பதில் இல்லை. சுழற்சி எல்லையை முன்கூட்டியே கட்டியதில்தான். உச்ச வலுவை மட்டும் சிசியால் வகுத்திருந்தால் சின்னச் சிலிண்டரும் பேய்ச் சுழற்சியுமாக ஹொண்டாவின் கதைதான் திரும்பியிருக்கும். 2500இலிருந்து 6500 வரை சராசரி என்று சொல்லிவிட்டால், 7000க்கு மேல் பாயும் கேமால் ஒரு புள்ளியும் வராது. நடுச் சுழற்சியில் நன்றாக மூச்சுவிடும் எஞ்சின் மேலே வரும். கடைக்குப் போய்வரும் வண்டிக்கும் வேண்டியது அதுதானே.

வலுவை அளக்க டைனோ இல்லாத இடத்தில் இதெல்லாம் எப்படி?

நம்மிடம் கிணறும் மிசினும் இருக்கின்றன. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கம் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்துப் பழகியவர்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ஏற்பாட்டாளர் ஒரே பம்பு, ஒரே குழாய், ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்று வைக்க வேண்டும். போட்டியாளர் தம் எஞ்சினை அந்தப் பம்பில் பூட்ட வேண்டும். நீரைத் திரும்பக் கிணற்றுக்கே விட்டுவிடலாம்.

வேகத்தை மட்டும் பார்த்தால் ஒரு சங்கடம் இருக்கிறது. பம்பு கேட்கும் வலு, சுழற்சி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். சுழற்சியைப் பத்து வீதம் கூட்ட 33 வீதம் அதிக வலு வேண்டும். கிடைக்கும் தண்ணீரோ பத்து வீதம்தான் கூடும். மூன்றில் ஒரு பங்கு வலுக் கூட்டியவரின் உழைப்பு, நிறுத்தற்கடிகாரத்தில் ஐந்தாறு வினாடிகளாகச் சுருங்கிவிடும். அதைக் காட்டுவதற்காகக் சுழற்சியை எல்லைக்குள் வைத்திருக்கும் கவர்னரைக் கழற்றி எஞ்சினைக் கதறவிடுவதும் ஆபத்து.

ஆகவே கவர்னர் பூட்டியபடியே இருக்கட்டும். தாங்கி நிரம்ப எவ்வளவு பெற்றோல் செலவானது என்று மில்லிலீற்றரில் அளந்து, குறைவாகக் குடித்த எஞ்சினுக்குப் பரிசு கொடுங்கள். அப்போது சிசி விதி தலைகீழாகத் திரும்புவதைக் காண்பீர்கள். வரம்பு வைத்த போட்டியில் எல்லோரும் வரம்பின் உச்சிக்கு ஏறுகிறார்கள். எரிபொருள் போட்டியில் எல்லோரும் இறங்குகிறார்கள். பெரிய எஞ்சின் பாதிச் சுமையில் திரொட்டிலை மூடிக்கொண்டு ஓடும்போது காற்றை உறிஞ்சுவதற்கே வீணாக உழைக்கிறது. 163 சிசி வைத்திருப்பவர் "இன்னும் சின்னதாய் ஒன்று கிடைக்காதா" என்று தேடுவார். அங்கே தேவைப்படுவது கீழ் வரம்பு: தாங்கியை இத்தனை நிமிடத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று.

உள்ளே போகும் காற்றையே கட்டுப்படுத்தினால் சிசியை அளக்கத் தேவையில்லையா?

ஏறக்குறைய இல்லை. பல்கலைக்கழக மாணவர்கள் சிறிய பந்தயக் கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா எஸ்.ஏ.இ.யில் எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் கூடுதலாக வராது. அதனால்தான் கொள்ளளவு வரம்பை 610 சிசியிலிருந்து 710க்கு உயர்த்தியபோதும் போட்டியின் சமநிலை குலையவில்லை. நாலு சிலிண்டர் 600 சிசியும் ஒற்றைச் சிலிண்டர் 450 சிசியும் அங்கே ஒரே களத்தில் மோதுகின்றன. சிறியது எடை குறைவு என்பதால் தாக்குப்பிடிக்கிறது.

நமக்கு இது மிகப் பொருத்தம். கார்புரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் துளையிட்ட தகடு ஒன்று. எல்லாத் தகடுகளையும் ஒரே பட்டறையில் ஒரே நாளில் கடையவேண்டும். துளையின் அளவை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். கை படாத தொழிற்சாலை எஞ்சின் எந்தத் துளையில் திணறத் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுப் பெரிதாக வையுங்கள். பந்தயக் கேம் வாங்கியவரின் பணம் அந்தத் தகட்டின் முன்னால் நின்றுவிடும். தகட்டைச் சுற்றி எங்காவது களவாகக் காற்று வருகிறதா என்று அறிய, எஞ்சின் ஓடும்போது கார்புரேற்றரின் வாயைக் கையால் பொத்துங்கள். உடனே நிற்க வேண்டும்.

மண்ணெண்ணெய் வகுப்பு ஒன்று வைக்கலாமா?

மூத்தவர்கள் கேட்கும் கேள்வி இது. 1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் ஏ40, மொறிஸ் மைனர், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு உசுப்பி, சூடேறியதும் மாற்றிவிடுவார்கள். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளுக்குத் தெரிந்ததை எழுதிவைத்தவர் அதிகம் இல்லை, அதற்காகவாவது வைக்கலாம்.

தொழில்நுட்பக் காரணமும் ஒன்று இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு. கொம்பிரஷனைக் கூட்டினால் தட்டும். அந்த வழி அடைபட்டால், சூட்டையும் கலவையையும் சரியாகப் பிடிப்பவர்தான் வெல்வார். புகை அதிகம் என்பதால் திறந்த வெளியில் வையுங்கள், புகை போகும் பக்கம் பார்வையாளரை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் ஓடும் மோட்டார் சைக்கிளின் எஞ்சினையே கொண்டுவரலாமா?

வேண்டாம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தோடு கொள்ளளவும் எழுதியிருக்கிறது. சிலிண்டரையும் கிராங்கையும் மாற்றிவிட்டு அதே வண்டியில் பலாலி வீதியில் போனால், விபத்தொன்று நடக்கும்போது காப்புறுதிக்காரர் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் விரிப்பார். போட்டி எஞ்சின் தனியாக, ஒரு கோண இரும்புச் சட்டகத்தில் பூட்டி மேசையில் வரட்டும். பதிவு நீக்கிய வண்டியிலிருந்தோ பழைய இரும்புக் கடையிலிருந்தோ வாங்கினால் கடைக்காரரிடம் எஞ்சின் இலக்கம் எழுதிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இலக்கம் ராவப்பட்ட எஞ்சினைப் பரிசோதனை மேசைக்கே எடுக்கக்கூடாது, அது எத்தனை சிசியாக இருந்தாலும்.